உடையார் யாவர்?

பொருள் மிக்காரை எப்பெயரால் அழைத்தல் தகும் என்னும் வினாவைத் திருவருள் துணைகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அப்பெயரிற் பிழை நேரின் அது சொற்பிழை என்னும் அளவில் ஒழியுமோ, அன்றி வினையாய் நின்று நம்மைப் பற்றுமோ? இஃது இலக்கண நூலார்க்கு மட்டுமே உரிய வினாப்போலத் தோன்றும். ஆயினும் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் உயிர் வினை ஈட்டும் என்று கொள்ளும் நம்மனோர்க்கு, வாக்கின் பிழையை எளிதெனத் தள்ளுதல் இயலாது. இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் பிழையேயாதலின் அதனை முதற்கண் கூறுவோம்.

சில ஆண்டுகட்கு முன் திருஅச்சிறுபாக்கத்தைச் சூழ்ந்த சிற்றூர்களுள் ஒன்றில் பழைய சிவாலயம் ஒன்று திருப்பணி செய்யப்பெற்றது. அழைப்பிதழும், சுவரிற் பதிக்கும் கல்லின் வாசகமும் எழுதித் தரும் பணி எம்பால் வந்தது. நிலமும் வாணிகமும் உடைய ஒருவர் மதில் முழுமைக்கும் ஆகும் செலவைத் தாமே ஏற்பதாக வாக்களித்திருந்தார். யாம் அவர் பெயர்க்கு முன் 'கொடைவள்ளல்' என்று எழுதினோம். மண்ணும் செங்கல்லும் கூலியின்றிச் சுமந்த ஊர்மக்களை ஈற்றில் 'மற்றும் பலர்' என்று முடித்தோம். எழுத்து வெட்ட வந்த தொழிலாளர் வாசகத்தைப் படித்துப் பார்த்து, "ஐயா, காகிதமென்றால் கிழித்துவிட்டு வேறு அச்சடிக்கலாம். கல்லில் வெட்டினால் வெட்டினதுதான். இவர் கொடுத்தாயிற்றா, இனிமேல்தானா?" என்று வினவினார். யாம் சிறிது வெகுண்டு, எழுதியபடி வெட்டுக என்றோம்.

குடமுழுக்கு நிறைவேறியது. வாக்களித்த தொகையிற் பாதி வந்தது. மற்றைப் பாதியை நினைவூட்டச் சென்றபோது அவர் முறுவலித்து, "ஐயா, வள்ளல் என்று நீங்களே கல்லில் வெட்டிவிட்டீர்களே. இனிமேல் நான் கொடுத்துத்தானா அந்தப் பேர் வரவேண்டும்?" என்றார். வடபுறத்து மதில் இன்றும் அரைகுறையாய் நிற்கின்றது. கல் மட்டும் முற்றுப்பெற்று நிற்கின்றது. அன்று தொட்டுச் செல்வரைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து நிறுத்துப் பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று.

தமிழில் இச்சொற்கள் பல. நன்னூலார் பெயர்க்கு முதலாகக் கூறும் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனுள் பொருள், குணம், தொழில் என்னும் மூன்றே ஈண்டு வேண்டப்படும். உடையார், கிழார், பணக்காரர், முதலாளி, தனவான், மிராசுதார் என்பன உள்ள பொருளைக்கொண்டு பிறந்த பெயர்கள். சீமான், கனவான், பிரபு, பெரிய மனிதர் என்பன ஒருவர்பால் உள்ளதாகக் கருதப்படும் பொலிவையும் கனத்தையும் பெருமையையும் பற்றியன. ஈந்தார், கொடுத்தார், அளித்தார், புரந்தார் என்பன செயலைக்கொண்டு பிறந்தன. வள்ளல் என்பது வண்மை என்னும் பண்படியாகத் தோன்றியதேனும், அப்பண்பு ஈதலாகிய செயலானன்றி வெளிப்படாதாகலின் அதனையும் மூன்றாம் கூட்டத்திற் சேர்த்தல் தகும்.

இவற்றுள் முதற்கூட்டத்துச் சொற்களுக்கு நேர்ந்த கதி சிந்திக்கத்தக்கது. கிழமை என்பது உரிமை. கிழவன் என்பான் உரிமையுடையோன். தொல்காப்பியனார் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே வழங்கினார். குபேரனை இருநிதிக் கிழவன் என்றதும் அப்பொருள்பற்றியே. திருத்தொண்டர் வரலாறு பாடிய குன்றத்தூர் அருண்மொழித்தேவர்க்குக் குடிப்பெயராய் அமைந்த சேக்கிழார் என்பதிலும் அச்சொல் உள்ளது. இன்றோ கிழவன் என்றால் கோலூன்றி நடக்கும் முதியோனையன்றி வேறு எவரையும் மக்கள் நினையார். உரிமையைக் குறித்த சொல் மூப்பைக் குறிக்கும் சொல்லாய்த் தேய்ந்தது. செல்வம் நிலையாது என்று நூல்கள் உரைத்தன. அதனைக் குறித்த சொல்லும் நிலையாது என்பதை வழக்கு காட்டிற்று.

வறுமைச் சொற்களும் இவ்வாறே திரிந்தன. ஏழை என்பது முன்னாளில் அறிவின்மையையும் பெண்ணையும் குறித்தது. உமையம்மையைப் பாகத்திற் கொண்ட பெருமானை ஏழைபங்கன் என்றனர் முன்னோர். இன்று அத்திருநாமத்தைக் கேட்பார் வறியவர்க்குத் துணைவன் என்றே பொருள்கொள்வர். அப்பொருளும் பெருமானுக்கு ஏலாததன்று. ஆயினும் அறிவில்லாதார்க்கு உரிய சொல்லைப் பொருளில்லாதார்மேல் ஏற்றிய உலகவழக்கில் ஒரு குற்றம் மறைந்து கிடத்தலைக் காண்க. பொருளுடையாரை அறிவுடையாராகவும் பெரியாராகவும் கொள்ளும் மயக்கம் அதன் மறுபுறமாகும்.

இனி, 'உடையார்' என்னும் சொல்லின் உள்ளே புகுவோம். இஃது ஆறாம் வேற்றுமைப் பொருளாகிய கிழமையை அடக்கி நிற்பது. அக்கிழமை தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். கந்தனது கை என்புழி, கை கந்தனைவிட்டுப் பிரியாமையின் தற்கிழமை. கந்தனது வயல் என்புழி, வயல் அவனின் வேறாய் நின்று ஒருநாள் பிறனது ஆதலும் உண்மையின் பிறிதின்கிழமை. இலக்கணம் இவ்வளவில் நின்றுவிடும். சித்தாந்தமோ இன்னும் ஓரடி மேற்செல்லும். கந்தனது கையும் கந்தனாகிய உயிர்க்குத் தற்கிழமையன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று ஆக்கி உயிர்க்கு இறைவன் தந்தவை. கையும் ஒருநாள் கழன்று போவதே. கையே பிறிதின்கிழமையாயின், அக்கை பற்றிய வயலும், அவ்வயல் தந்த நெல்லும், அந்நெல் விற்ற பணமும் எத்தனை படி அப்பாற்பட்டவை என்பதை எண்ணுக. ஆகவே உயிர் தன்னை 'உடையேன்' என்று கூறுங்கால் இரவலாய்ப் பெற்றதனைத் தனதென்று சாதிக்கின்றது. யான், எனது என்னும் இரண்டனுள் 'எனது' என்பதற்கு உலகம் சூட்டிய முடியே இம்முதற்கூட்டத்துச் சொற்கள் எல்லாம்.

உடையான் என்னும் சொல் தற்கிழமையாய்ப் பொருந்துதற்கு உரியவன் ஒருவனே. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் இவ்வுண்மையைத் தம்மை அறியாமலே காட்டிநிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் இராசராசனும் உடையார். அவன் எடுப்பித்த கோயிலில் எழுந்தருளிய பெருமானும் உடையார். ஒரே சொல் ஒரே சுவரில் இருவர்க்கும் வழங்கிற்று. மன்னனுடைய நாடும் படையும் பின்னர்ப் பிறர் கைப்பட்டன. பெருமான் இன்றும் அங்கே உடையாராகவே இருக்கின்றார்.

அக்கல்வெட்டிலேயே மற்றோர் அருமையும் உண்டு. தானும், தமக்கையாரும், தேவிமாரும், பிறரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுக என்று மன்னன் ஆணையிட்டான். கொடுத்தவற்றை என்றான், கொடுக்கவிருப்பவற்றை என்றானல்லன். உடையார் என்பது காலத்தை வெளிப்படக் காட்டாத குறிப்புவினையடியாகப் பிறந்தது. எக்காலத்து உடைமை என்று அதனைக் கேட்டல் இயலாது. கொடுத்தார் என்பதோ இறந்தகாலம் காட்டும் தெரிநிலைவினை. செயல் முடிந்தாலன்றி அது மெய்யாகாது. கல்லில் வெட்டுதற்குத் தக்கது இறந்தகாலமே. எழுத்து வெட்ட வந்த தொழிலாளர் எம்மை வினவியதும் இதுவே. ஐம்பது ஆண்டு இலக்கணம் பயின்ற யாம் மறந்த காலத்தை அவர் நினைவூட்டினார்.

திருஅச்சிறுபாக்கம் இக்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மாவட்டத்துக் கடற்கரையிலேயே மாமல்லபுரம் உள்ளது. செல்வரைப் புகழும் சொற்களைக் கல்லிற் காண விரும்புவார்க்கு அதனினும் சிறந்த ஏடு இல்லை. பல்லவ வேந்தர் தமக்குச் சூடிக்கொண்ட பட்டப்பெயர்கள் ஆங்குள்ள ஒற்றைக்கற் கோயில்களிற் பொறிக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் மூன்று, திருவென்னும் செல்வத்தை அடியாகக் கொண்டவை. கணேச ரதத்தில் ஸ்ரீநிதி என்பது காணப்படும். தருமராச ரதத்தில் ஸ்ரீபரன், ஸ்ரீமேகன் என்பன காணப்படும். ஸ்ரீநிதி செல்வத்தின் வைப்பிடம். ஸ்ரீபரன் செல்வத்தைச் சுமப்பவன். ஸ்ரீமேகன் செல்வத்தைப் பொழியும் முகில்.

இம்மூன்றும் ஒருபொருட் பலசொற்களாகத் தோன்றினும், செல்வர் நிற்கக்கூடிய மூன்று நிலைகளாகவே எமக்குப் படுகின்றன. வைப்பிடமாய் இருப்பார்க்குச் செல்வம் இருக்கின்றதேயன்றிச் செல்வத்தால் அவர்க்கு ஆவது ஒன்றில்லை. பெட்டிக்குப் பொன்னின் அருமை தெரியாது. சுமப்பவர்க்கு அதன் பாரம் தெரியும், உறக்கம் கெடும், இறக்கிவைக்கும் இடம் தேடுவர். அத்தேட்டமே அறத்தின் தொடக்கம். முகிலாய் நிற்பார்க்கோ பொழிதலே இயல்பு. அக்கரையில் நின்று ஐப்பசித் திங்களிற் கடலை நோக்குவார் ஒன்றைக் கண்கூடாகக் காண்பர். முகில் பொழியும் நீர் முகிலினுடையது அன்று, கடல் தந்தது. நிலத்திற் பெய்து, ஏரி நிரப்பி, பயிர் விளைத்து, எஞ்சியது மீண்டும் கடலையே சென்று சேரும். முகில் இடைநின்ற கருவி. செல்வர்க்கு முகிலை உவமை கூறும்போது அவரது கொடையைப் புகழ்கின்றோம் என்றே எண்ணுகின்றோம். அவ்வுவமை நீர் அவருடையது அன்று என்பதனையும் உடன் கூறிவிடுகின்றது.

கணேச ரதத்துக் கல்வெட்டில் வேறொன்றும் உண்டு. மன்னனை நிதியென்றும் பிறவாறும் புகழ்ந்த அக்கல்வெட்டே, எவர் நெஞ்சத்தில் உருத்திரன் உறையவில்லையோ அவர் இகழத்தக்கார் என்று பன்முறை அடுக்கி இழித்துரைக்கின்றது. பொருளை அளந்த சுவர் நெஞ்சையும் அளந்தது. இரண்டு அளவைகளுள் எது பெரிது என்பதற்கு விடை நம் திருத்தொண்டர் புராணத்தில் உள்ளது.

காஞ்சியிற் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றளி எடுத்த காடவர் கோமான் கடவுண்மங்கலத்திற்கு நாள் குறித்தான். அதற்கு முன்னிரவிற் பெருமான் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் என்பான் நெடுநாள் நினைந்து எடுத்த ஆலயத்தில் நாளை யாம் புகுகின்றோம், நின் செயலைப் பிறிதொரு நாளிற் கொள்க என்றருளினார். மன்னன் நின்றவூர் சென்று கோயிலைத் தேடினான். காணவில்லை. பூசலார் கையிற் பொருளின்றி, மனத்தினாலேயே கல்லும் மரமும் தேடி, மனத்திலேயே அடித்தளம் இட்டு, விமானமும் சிகரமும் அமைத்திருந்தார். அக்காடவர் கோமான் இராசசிம்மன் என்றும், அக்கற்றளி கி. பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய கயிலாசநாதர் கோயில் என்றும் வரலாற்றறிஞர் கொள்வர். அக்கோயிலின் திருச்சுற்றில் இருநூற்றுக்கு மேற்பட்ட மன்னன் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பூசலார்க்குப் பட்டப்பெயர் ஒன்றும் இல்லை. ஆயினும் பெருமான் முதலிற் புகுந்தது எவ்வாலயம் என்பதைச் சைவவுலகம் அறியும்.

இவ்வரலாற்றைக் கொண்டு மன்னனை இகழ்வார் சிலர் உளர். அது தகாது. மன்னன் நின்றவூர் சென்று பூசலார் அடியில் வீழ்ந்து வணங்கினான் என்பதனையும் சேக்கிழார் பெருமான் ஓதியுள்ளார். தனக்கு மேற்பட்ட செல்வத்தைக் கண்டவிடத்து வணங்கத் தெரிந்தமையின் அம்மன்னனும் உண்மைச் செல்வனே. திரு என்னும் சொல்லைச் சேக்கிழார் ஆளும் திறமும் இதற்கு இயைந்ததே. ஆக்கமும் கேடும் தம்மைத் தீண்டாத அடியாரது நிலையையே அவர் திரு என்று குறித்தார். ஓட்டையும் பொன்னையும் ஒருநிகராய்க் காணும் அவர்கள்பால் அச்சொல் முழுப்பொருளும் பெற்றது. நம் நாளில் ஸ்ரீ என்பதனை மாற்றித் திரு என்று யாவர் பெயர்க்கு முன்னும் எழுதுகின்றோம். மண ஓலைகளில் திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி என்று பொருளுடையார் மக்களையும் இல்லார் மக்களையும் வேறுபாடின்றி அழைக்கின்றோம். இது பொருளற்ற முகமன் என்று சிலர் கூறுவர். எமக்கோ தமிழ்வழக்கில் எஞ்சிநிற்கும் நல்லறிவு என்றே தோன்றுகின்றது.

அற்றேல், செல்வம் முன்செய்த நல்வினைப்பயன் என்பது நம் நூற்றுணிபு அன்றோ? பேறும் இழவும் முதலாயின கருவிலேயே அமைந்தன என்று சித்தியார் கூறுதலின், செல்வரைப் புண்ணியவான் என்று அழைத்தல் நூலொடு பொருந்தியதே எனின், கூறுதும். செல்வம் நுகர்வினையாகிய பிராரத்தத்தின் பயன். முன்னைக் களஞ்சியத்தினின்று இப்போது எடுத்து உண்ணப்படுவது அது. உண்பதனால் களஞ்சியம் குறையுமேயன்றி நிறையாது. இப்பிறப்பில் ஈட்டும் ஏறுவினையாகிய ஆகாமியமே அதனை மீட்டும் நிரப்புவது. ஆகவே ஒருவர் செல்வராயிருத்தல், முன்பு ஒருகால் நல்லது செய்தார் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, இன்று நல்லார் என்பதற்குச் சான்றாகாது. செலவாகிக்கொண்டிருக்கும் புண்ணியத்தைக் காட்டி ஒருவரைப் புண்ணியவான் என்றல், எண்ணெய் வற்றும் விளக்கைக் காட்டி எண்ணெய் நிறைந்தது என்பதனோடு ஒக்கும்.

அன்றியும் அச்சொல்லுக்கு மற்றொரு முனையும் உண்டு. செல்வர் புண்ணியவான் எனின் வறியர் பாவி எனச் சொல்லாமலே சொல்லியதாகும். சொல்லாமற் சொல்லிய அது எத்துணைத் தீங்கு விளைத்தது என்பதற்கு இச்செங்கற்பட்டு நாடே சான்று. காணியாட்சி என்று தமிழிலும், மிராசு என்று அரபு மொழிச் சொல்லாலும் வழங்கிய நிலவுரிமை இங்கே வேரூன்றியிருந்தது. எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர் 1818-ஆம் ஆண்டளவில் அதனை ஆராய்ந்து எழுதினார். 1891-ஆம் ஆண்டிற் செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர், பண்ணையில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களது நிலையை அரசினர்க்கு விரிவாக எழுதினார். தலைமுறை தலைமுறையாய் அவர் குடியிருந்த குடிசையின் அடிமனையும் மிராசுதாரர்க்கே உரியது எனப்பட்டமையை அவ்வறிக்கை வெளிப்படுத்திற்று. அதன்பின் 1892-ஆம் ஆண்டின் அரசாணையால் அம்மக்கட்கு நிலம் ஒதுக்கும் முறை பிறந்தது. நெல் விளைத்தவர்க்கு நிற்கும் இடமும் தமதன்று. அந்நெல்லைக் கோயிலுக்கு அளந்தவர்க்குத் தருமவான் என்று பெயர். அப்பெயரை ஓலையிலும் தாளிலும் எழுதிக்கொடுத்தவர் எம்போலும் கற்றோரே என்பதனை மறைத்தல் ஆகாது. ஜமீன்முறை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஜமீன்தார் என்னும் சொல்லோ இன்றும் சில இடங்களிற் பட்டமாய்த் தொங்குகின்றது. சட்டத்தினும் சொல் நெடுநாள் வாழும். ஆதலாற் சொல்லை ஆள்வார்க்குப் பொறுப்பு மிகுதி.

இதனைக் கேட்டுச் செல்வரைப் பழித்தலே நேர்மை என்று மறுகரைக்கு ஓடுவாரும் உளர். கருமி, கஞ்சன், பணப்பேய், பணமுதலை என்று பொருளுடையார் யாவரையும் ஒருங்கே இழித்துரைத்தல் இந்நாளில் எளிதாயிற்று. சித்தாந்திக்கு அதுவும் அடாது. உயிர் வேறு, அதனைப் பற்றிய மலம் வேறு என்பது நம் கொள்கை. செம்பைக் களிம்பென்று கூறல் எவ்வாறு பிழையோ, அவ்வாறே பற்றுள்ளம் உடைய ஓருயிரைப் பேயென்று கூறலும் பிழை. பற்றுள்ளம் நோய். நோயைச் சுட்டி நோயாளியை எள்ளுதல் மருத்துவர்க்கு அழகன்று. திருவள்ளுவனார் நன்றியில் செல்வம் என்று ஓரதிகாரம் வகுத்தார். நன்றியில்லாமையைச் செல்வத்தின்மேல் ஏற்றித் தலைப்பிட்ட பெருந்தகைமையை நோக்குக. ஒப்புரவைக் கூறுமிடத்தும் அறிவுடையார் செல்வத்தை ஊரார்க்குப் பயன்படும் நீர்நிலைக்கும், கனிந்த மரத்துக்கும், மருந்தாகும் மரத்துக்கும் ஒப்பிட்டார். நிறைந்திருத்தலை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. மதுராந்தகத்துப் பேரேரியைக் கண்டாரும் அங்ஙனமே கூறுவர். ஏரி நிறைதல் ஊர்க்கு நலம். மதகு திறவாமையே கேடு. வயல் காய்வதோடு ஒருநாட் கரையும் உடையும்.

இனி, யாம் தொடங்கிய இடத்திற்கே மீள்வோம். திருஅச்சிறுபாக்கம் ஆளுடைய பிள்ளையார் பாடல்பெற்ற தலம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட பெருமானது தேரின் அச்சு இற்ற இடம் என்பது அதன் பெயர்க் காரணம். அத்தலபுராணம் மற்றொரு செய்தியும் கூறும். பாண்டிய மன்னன் ஒருவன் அங்கே பெருமானது இருப்பை உணர்ந்து, ஆலயம் எடுக்கும் பணியைத் திரிநேத்திரதாரி என்னும் முனிவர்பால் ஒப்புவித்து வடபுலம் சென்றான். மீண்டு வந்து காண்புழி ஆலயத்தில் இரண்டு கருவறைகள் இருந்தன. ஒன்றற்குப் பொருள் தந்தேன், இரண்டு உள்ளனவே என்று மன்னன் வியந்து வினவ, முனிவர், ஒருவர் உமை ஆட்சிகொண்டவர், மற்றவர் எமை ஆட்சிகொண்டவர் என்றாராம். உமையாட்சீசர், எமையாட்சீசர் என்னும் திருநாமங்கள் இன்றும் வழங்குகின்றன.

சிறுபருவம் முதல் இக்கதையைக் கேட்டுவருகின்றோம். எழுதிய கல்லினால் நாணிய பின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. மன்னன் பொருளுடையான், முனிவர் பொருளில்லாதார். கோயிலின் பெயரில் மன்னன் கொடுத்த பொன்னும் இல்லை, முனிவர் உழைத்த உழைப்பும் இல்லை. இருவரும் ஆட்கொள்ளப்பட்டவர் என்னும் ஒன்றே உள்ளது. ஆட்சி என்னும் சொல்லை நிலத்தின்மேல் வைத்தால் காணியாட்சி. அதனால் ஒருவர் உடையார், ஒருவர் இல்லார். அச்சொல்லையே பெருமான்மேல் வைத்தால் உமையாட்சி, எமையாட்சி. அங்கே உடையார் ஒருவரே, நாம் அனைவேமும் உடைமை. தற்கிழமை எங்கும் காணோம் என்று மேலே கூறினோம். உயிர் இறைவனுக்கு உடைமையாதல் ஒன்றே என்றும் பிரியாத கிழமை. செல்வரும் வறியரும் அதிற் சமமானவர்.

ஆகவே எம் துணிபு இது. உடையார் என்னும் பொருள்பட்ட சொற்களை உலக வழக்குக்கு வேண்டுமளவு வழங்குக. கோயிற் கல்லிலும் வழிபாட்டு மொழியிலும் இறைவற்கே உரியனவாய் வைக்க. வள்ளல் முதலிய சொற்களைச் செயல் முடிந்தபின் கூறுக. அதற்கு முன் கூறுதல் பெறுவார்க்குக் கேடு. அச்செல்வர் கொடுக்க எண்ணியது பொய்யன்று. கொடுத்துப் பெறவேண்டிய பெயரை முன்னரே இனாமாகத் தந்து, அவர் செய்யவிருந்த அறத்தை யாமே பறித்தோம். ஒருவர்க்குச் சேரவேண்டிய புண்ணியத்தைப் புகழுரையாற் கெடுத்தலினும் மிக்க தீங்கு அவர் பகைவரும் செய்யார். இகழ்ச்சிச் சொற்களையோ எஞ்ஞான்றும் ஒழிக. இம்மூன்றும் வாக்கின்கண் நாம் காக்கத்தக்க நோன்புகள்.

அக்கல்லைப் பெயர்த்தெறிய ஊரார் சிலர் விரும்பினர். யாம் வேண்டாவென்றோம். அஃது அவர் குற்றத்துக்கன்று, எம் குற்றத்துக்குச் சான்றாய் நிற்பது. அதன் பக்கத்தில் வேறொரு கல் பதித்தோம். அன்று 'மற்றும் பலர்' என்று யாம் ஒதுக்கிய ஒவ்வொருவர் பெயரையும் ஒரே அளவான எழுத்தில் எழுதி, அடைமொழி ஏதுமின்றி, 'மண் சுமந்தார்' என்று முடித்தோம். மதுரையிற் பிட்டுக்கு மண் சுமந்த பெருமானே ஏற்ற பெயராதலின் அதனினும் உயர்ந்த பட்டம் எமக்குத் தோன்றவில்லை. வெட்டியவர் முன்வந்த தொழிலாளரே. அவர் இம்முறை ஒன்றும் வினவவில்லை.

கல்லின் அடியில் ஒருவரி அளவு இடம் விட்டிருக்கின்றோம். வடபுற மதில் எழும் நாளில் அச்செல்வர் பெயரை அங்கே எழுதி, 'கொடுத்தார்' என்று முடிக்கக் காத்திருக்கின்றோம். அந்நாள் விரைவில் வர ஆட்சீசர் திருவடிகளை வேண்டுகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.